வேட்டு வைத்தால் சிலை வருமா?

*மலையைப் பிளக்கும் மருந்தும் மலைமேல் நிற்கும் தெய்வங்களும்: மைசூரிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை*

கல் வந்து இறங்கியதும் மைசூர்ச் சிற்பி உளியை எடுப்பதில்லை. கையில் ஒரு சின்னச் சுத்தியல், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். கருங்கல்லைச் சுற்றிச் சுற்றி வருகிறார். ஒரு மூலையில் தட்டிக் காதைச் சாய்க்கிறார். ‘ணங்’ என்று வெண்கலச் சத்தம். இரண்டடி தள்ளித் தட்டினால் அங்கேயும் ‘ணங்’. இன்னும் ஓரடி நகர்ந்ததும் ‘டொக்’ என்று ஒரு செத்த ஒலி. முகம் சுருங்குகிறது. அந்த இடத்தில் தண்ணீரை அள்ளித் தெளித்துவிட்டுக் காத்திருக்கிறார். வெயிலில் கல் காய்கிறது. சுற்றிலும் ஈரம் போன பிறகும் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு மட்டும் கறுப்பாக நிற்கிறது. விரிசல்! பத்து டன் கல்லானாலும் சரி, அது இனி படிக்கட்டுக்குத்தான் லாயக்கு.

அந்தக் கோடு பூமிக்குள்ளேயே விழுந்ததாக இருக்கலாம். குவாரியில் எவரோ அவசரத்தில் கூடுதலாகத் திணித்த தோட்டாவின் வேலையாகவும் இருக்கலாம். மருந்து வைத்துப் பெயர்த்த கல் என்றால் சிற்பக்கூடங்களில் ஒரு சந்தேகப் பார்வை உண்டு. அப்படியிருக்க, ஒரு மலையையே வெடி வைத்துச் சிலையாக்க முடியுமா என்று யாராவது கேட்டால்?

முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். அதை நம் பக்கத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதற்கு மைசூரைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 2024 ஜனவரியில் இந்த ஊரைச் சுற்றி இரண்டு விஷயங்கள் நடந்தன. 8ஆம் தேதி, கிருஷ்ணராஜ சாகர் அணையைச் சுற்றி 20 கிலோமீட்டருக்குள் குவாரி வேலையே கூடாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் தடை போட்டது. 22ஆம் தேதி, மைசூர்ச் சிற்பி அருண் யோகிராஜ் செதுக்கிய 51 அங்குல பாலராமர் அயோத்தியில் பிரதிஷ்டை ஆனார். ஒரே மண்ணின் கல்லைப் பற்றிய இரண்டு செய்திகள் என்றாலும், இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குறைவு.

டைனமைட்டைக் கத்தரித்தவர்கள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் இருக்கிறது ரஷ்மோர் மலை. வாஷிங்டன், ஜெஃபர்சன், தியோடர் ரூஸ்வெல்ட், லிங்கன் ஆகிய நான்கு அதிபர்களின் முகங்கள், ஒவ்வொன்றும் 60 அடி. கட்சன் போர்க்லம் என்ற சிற்பியின் தலைமையில் 1927இல் தொடங்கிய வேலை 1941 அக்டோபரில் நின்றது. அதற்கு ஏழு மாதம் முன்பே போர்க்லம் இறந்துவிட்டார். மிச்சத்தை மகன் லிங்கன் பார்த்துக்கொண்டார். மலையிலிருந்து அகற்றிய பாறை சுமார் 4,50,000 டன். அதில் 90 சதவீதத்தைப் பெயர்த்தது டைனமைட்.

கேட்டால் முரட்டு வேலை மாதிரி இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் நகைக்கடை நுணுக்கம். போர்க்லம் முதலில் மாதிரி முகம் செய்தார். மாதிரியில் ஓர் அங்குலம் என்றால் மலையில் ஓரடி. மாதிரியின் உச்சந்தலையில் ஒரு கோலும் தூக்குக்குண்டும் வைத்துக் கோணத்தையும் ஆழத்தையும் அளந்து, மலையுச்சியில் அதைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரிய கோலில் அதே அளவைப் பிடித்தார்கள். இரும்பு வடத்தில் தொங்கும் பலகை இருக்கையில் உட்கார்ந்து ஆட்கள் துளை போட்டார்கள். இருக்கையை ஏற்ற, இறக்கச் சொல்லிக் குரல் கொடுப்பதற்கென்றே விளிம்பில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். மருந்துக்காரர்கள் டைனமைட் குச்சியை முழுதாக வைக்கவில்லை. எந்தத் துளைக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துத் துண்டு துண்டாக நறுக்கி வைத்தார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, மாலை வேலை முடிந்ததும் ஒரு முறை, மலையில் ஆளில்லாதபோது வெடித்தார்கள்.

முகத்தின் தோல் தொட இன்னும் மூன்றிலிருந்து ஆறு அங்குலம் இருக்கும்போதே வெடி நின்றுவிடும். அதற்குமேல் தேன்கூடு போல நெருக்கமாகத் துளை போட்டு, கையால் உடைத்தெடுத்து, கடைசியில் காற்றுச் சுத்தியால் வழவழப்பாக்கினார்கள். ஆக, வெடி அங்கே கல்லை அகற்றியது; செதுக்கியது கைதான்.

அப்படியும் மலை ஏமாற்றியது. ஜெஃபர்சன் முகத்தை முதலில் வாஷிங்டனுக்கு மறுபக்கத்தில்தான் தொடங்கினார்கள். ஒன்றரை ஆண்டு உழைத்த பிறகு பாறை சரியில்லை, விரிசல் என்று தெரிந்தது. 1934இல் அந்த அரைகுறை முகத்தையே வெடி வைத்துத் தகர்த்துவிட்டு அடுத்த பக்கத்தில் புதிதாக ஆரம்பித்தார்கள். மைசூர்ச் சிற்பி ஒரு குடம் தண்ணீரில் கண்டுபிடிப்பதை, அங்கே மலைக்குள் இறங்கித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பதினான்கு ஆண்டில் சுமார் 400 பேர் வேலை பார்த்தும் வேலையிடத்தில் ஓர் உயிரும் போகவில்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கல்தூசி நுரையீரலில் படிந்து பின்னாளில் அவதிப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அந்த மலைத்தொடர் லகோடா பழங்குடிகளுக்குப் புனிதமானது, 1868 ஒப்பந்தப்படி அவர்களுடையது என்பதும் பெருமைப் பலகையில் இல்லை. அதற்கு எதிர்ப்பாட்டுப் போல, சற்றுத் தள்ளி ‘கிரேஸி ஹார்ஸ்’ என்ற லகோடா வீரனின் சிலையை கோர்ச்சாக் சியோல்கோவ்ஸ்கி 1948இல் வெடி வைத்துத் தொடங்கினார். முகம் முடிந்ததே 1998இல். சிற்பி 1982இலேயே போய்விட்டார். வேலை மட்டும் தலைமுறை தாண்டி நடக்கிறது.

பெட்டிச் செய்தி: கழிந்த கல் எவ்வளவு?

ரஷ்மோர் மலை: அகற்றியது சுமார் 4,50,000 டன், கருவி பெரும்பாலும் டைனமைட்.

டெல்லி இந்தியா கேட் நேதாஜி சிலை (2022, சிற்பிகள் குழுவின் தலைவர் அருண் யோகிராஜ்): தெலங்கானாவின் கம்மத்திலிருந்து வந்த 280 டன் ஒற்றைக் கல், முடிந்த சிலை 28 அடி, 65 டன். கழிந்தது 215 டன். செலவானது 26,000 மனித மணிநேரம்.

சரவணபெளகொளா கோமடேஸ்வரர்: சுமார் 57 அடி, கி.பி. 981 வாக்கில். மலையுச்சிப் பாறையிலேயே செதுக்கியது. வெடிமருந்து இந்தியாவுக்கு வருவதற்குச் சில நூற்றாண்டு முன்பு.

நம்மவர்கள் எப்படிச் செய்தார்கள்?

மைசூரிலிருந்து 85 கிலோமீட்டர் போல வடக்கே போனால் சரவணபெளகொளா. கங்க அரசின் அமைச்சர் சாமுண்டராயர் எழுப்பிய கோமடேஸ்வரர் தொடைக்கு மேலே எந்த முட்டும் இல்லாமல் வெட்டவெளியில் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கிறார். செய்வித்தது யார் என்று காலடியில் பொறித்திருக்கும் கல்வெட்டு கன்னடத்தில் மட்டுமல்ல, தமிழிலும் இருக்கிறது. போகிற தமிழர்கள் பலர் பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதைப் பார்க்காமலே இறங்கிவிடுகிறார்கள்!

சாமுண்டி மலைப் படிக்கட்டின் நடுவே படுத்திருக்கும் நந்தி, தொட்ட தேவராஜ உடையார் காலத்தது (1659–1673). சுமார் 16 அடி உயரம், 25 அடி நீளம், ஒரே கல். அந்த நாளில் வெடிமருந்து மைசூர்ப் படைக்குப் பழக்கமானதுதான். பீரங்கிக்கு அதை உபயோகித்தவர்கள் நந்தியைக் கொத்தினது உளியால்தான்.

பெரிய கல்லைப் பெயர்க்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று ஆப்பு: வரிசையாகக் குழி வெட்டி ஆப்பு இறுக்கிப் பிளப்பது. மாமல்லபுரத்தில் இன்றும் பாறைகள்மேல் அந்தக் குழிவரிசை தையல் போட்டதுபோலத் தெரியும். இன்னொன்று நெருப்பு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட பெங்களூர்ப் பக்கம் இதைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியிருக்கிறார்கள். சமமான பாறைமேல் நீளவாக்கில் விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். சூட்டில் மேல்தட்டுப் பாறை விரிந்து அடிப்பாறையிலிருந்து விடுபடும். நெருப்புக்கு முன்னால் சுத்தியலால் தட்டிக்கொண்டே ஒருவர் போவார். விடுபட்ட இடத்தில் ஒலி மாறும். மாறியதும் விறகை முன்னே தள்ளுவார்கள். இப்படியே அங்குலம் அங்குலமாக நகர்ந்து, பந்தல் அகலத்துக்குத் தகடு கிளம்பிவிடும். இங்கேயும் தீர்ப்புச் சொன்னது காதுதான்.

பேளூரில் கப்பெ சென்னிகராயர் கோயில் கதை கர்நாடகத்தில் குழந்தைக்கும் தெரியும். சிற்பி ஜகணாசாரி செதுக்கிய சிலையில் குறை இருக்கிறது என்று ஓர் இளைஞன் சொல்ல, சந்தனம் பூசிப் பார்த்தால் தொப்புள் பக்கம் மட்டும் ஈரம் காயவில்லை. குடைந்தால் உள்ளே தேரை. இளைஞன் அவர் மகனேதான். நடந்ததோ இல்லையோ, கல்லுக்குள் இருக்கும் குறையை ஈரம் காட்டிக்கொடுக்கும் என்ற தொழில் ரகசியம் அந்தக் கதைக்குள் பத்திரமாக இருக்கிறது.

மருந்து கல்லுக்குள் என்ன செய்கிறது?

கருங்கல் அழுத்தினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதன் இழுவலிமை, அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. துளைக்குள் தோட்டா வெடித்ததும் ஓர் அழுத்த அலை கிளம்பி எல்லாப் பக்கமும் ஓடுகிறது. போகும்போது பெரிய சேதமில்லை. பாறையின் விளிம்பை, அதாவது காற்றைத் தொட்டதும், அது இழுக்கும் அலையாகத் திரும்புகிறது. சேதம் அப்போதுதான். வெளிப்பக்கம் செதில் செதிலாக உரிந்து விழும்.

மொட்டைப் பாறைக்கு இது நல்லதே. குவாரிக்காரருக்கு வேண்டியதும் இதுதான். ஆனால் சிலைக்கு மூக்கு உண்டு, காது உண்டு, விரல் உண்டு. மெல்லிய உறுப்புகளில் அலை போய்த் திரும்ப எடுக்கும் நேரம் மிகக் குறைவு. முதலில் உரிவதும் அவைதான்.

இதைச் சமாளிக்கத்தான் கட்டுப்பாட்டு வெடிமுறை வந்தது. வெட்ட வேண்டிய கோட்டில் நெருக்கமாகத் துளை போட்டு, துளையை நிரப்பாமல் மெலிதாக மருந்து வைத்து, சில துளைகளை வெறுமனே விட்டு, எல்லாவற்றையும் ஒரே கணத்தில் வெடிக்காமல் மில்லிநொடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பார்கள். அலைகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகாமல், கோட்டோடு மட்டும் பாறை பிளக்கும். சுரங்கப்பாதை, அணை, நெடுஞ்சாலை வேலைகளில் இது அன்றாட நடைமுறை. பாறையோடு ஒட்டிய சிலைக்குப் பின்னால் லட்சம் டன் கல்லை அகற்ற வேண்டுமென்றால், இதைவிட்டால் வேறு வழி அதிகமில்லை.

நேதாஜி சிலைக்குக் கழிந்தது 215 டன். அதற்கு வைரத்துகள் பதித்த அறுப்பு வடமும் உளியும் போதும். நம் நாட்டில் இன்று ஒற்றைக் கல்லில் செய்யும் பெருஞ்சிலைகள் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கின்றன. மருந்து தேவைப்படுவது சிலைக்கு அல்ல. மலையையே முகமாக்கும் ஆசைக்கு.

கண்ணம்பாடிக்கு எவ்வளவு தூரம்?

சரி, மைசூரைச் சுற்றி அப்படி ஒரு மலையில் வெடி வைத்தால் யாருக்கு என்ன? இதற்குப் பதில் சொல்லப் புதிதாக ஆராய வேண்டியதில்லை. ஜல்லிக்காக வைத்த வெடிகளே பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மைசூரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் கண்ணம்பாடி, அதாவது கிருஷ்ணராஜ சாகர். விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக இருந்தபோது 1911இல் காவிரியில் தொடங்கிய அணை. சிமென்ட் அரிதாக இருந்த காலம். கருங்கல்லைச் சுர்க்கிச் சாந்தில் (செங்கல்தூளும் சுண்ணாம்பும்) கட்டினார்கள். கொள்ளளவு 49.45 டி.எம்.சி. நிரம்பினால் 124.80 அடி. மேட்டூரின் நீர்மட்டத்தைத் தினம் பேப்பரில் பார்க்கும் தஞ்சாவூர் விவசாயிக்கு இந்த எண்கள் மனப்பாடம்.

பக்கத்து மண்டியா மாவட்டம் பாண்டவபுரா தாலுகாவில் இருக்கிறது பேபி பெட்டா. கன்னடத்தில் பெட்டா என்றால் மலை. மலையைச் சுற்றிக் குவாரிகள். 2018 செப்டம்பரில் அணைப் பகுதியில் கேட்ட பலத்த சத்தத்தையும் அதிர்வையும் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் பதிவு செய்து, குவாரி வெடிகளை நிறுத்தும்படி சொன்னது. 2021இல் இது அரசியல் சண்டையானது. அணைக்கு ஆபத்து என்றார் அப்போதைய மண்டியா எம்.பி. சுமலதா, மறுத்து வரிந்துகட்டினார் முன்னாள் முதல்வர் குமாரசாமி. யார் சொன்னது சரி என்று அளந்து பார்க்க 2022 ஜூலையில் நிபுணர்கள் சோதனை வெடி வைக்க வந்தார்கள். ‘அளக்கிறோம் என்று சொல்லி அணைப் பக்கம் வெடி வைப்பதா?’ என்று விவசாயச் சங்கங்கள் மறித்தன. சோதனை நின்றது. பிறகுதான் 2024 தடை: அணைப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வு முடியும்வரை 20 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது.

விவசாயிகளின் பயத்தை ‘அறிவியல் தெரியாதவர்கள்’ என்று ஒதுக்கியவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. ஒரு வெடி அணையை உடைக்காது என்பது சரி. ஆனால் ஆண்டுக்கணக்கில் தினம் விழுந்த வெடிகளின் அதிர்வுப் பதிவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தால் சோதனை வெடிக்கே தேவை வந்திருக்காதே!

பெட்டிச் செய்தி: எவ்வளவு அதிரலாம்?

சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, வெடியால் நிலம் அதிரும் வேகத்துக்கு உச்சவரம்பு உண்டு.

சாதாரண வீடுகள்: அதிர்வெண்ணைப் பொறுத்து நொடிக்கு 5, 10, 15 மில்லிமீட்டர்.

வரலாற்றுச் சின்னங்கள்: 2, 5, 10 மில்லிமீட்டர். அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் வெறும் 2.

மத்தியத் தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி. அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பேபி பெட்டா விவகாரத்தில் நீதிமன்றம் சொன்னது கிலோமீட்டர். இந்தச் சட்டம் சொல்வது மீட்டர்.

கோமட்டகிரியில் ஒரு சின்ன பாகுபலி

சரவணபெளகொளாவுக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒருவர்கூட மைசூர் பக்கத்திலேயே, ஹுணசூர் தாலுகாவில் இருக்கும் கோமட்டகிரிக்குப் போவதில்லை. திடீரென்று எழும் ஒற்றைப் பாறைக்குன்று. மேலே சுமார் 18 அடி பாகுபலி; சரவணபெளகொளாவின் கோமடேஸ்வரரும் இவர்தான். சுற்றுவட்டாரக் கல்குவாரிகளின் வெடியால் சிலைக்கு ஆபத்து என்ற புகார் பல ஆண்டுகளாக எழுந்து அடங்கி மறுபடி எழுகிறது.   பாறையோடு பாறையாகச் செதுக்கிய சிலை என்றால், அடியில் ஓடும் விரிசல் அப்படியே மேலே ஏறலாம்.

ஆப்கானிஸ்தானின் பாமியானில் உலகமே இதைப் பார்த்தது. 2001 மார்ச்சில் தாலிபான்கள் இரண்டு புத்தர்களையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வாரக்கணக்கில் பாடுபட்டார்கள். சிலைகள் போனதோடு முடியவில்லை. பின்னாலிருந்த மாடக்குழிகளும் மலைச்சுவரும் பிளந்து சரியும் நிலைக்கு வந்து, இரும்பு நங்கூரம் அடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்த அழிவுக்குப் பதிலாக, இலங்கை குருநாகல் மாவட்டம் ரம்படகல்லவில் ஒரு பாறையிலேயே புத்தரைச் செதுக்க 2002இல் தொடங்கினார்கள். தியானத்தில் அமர்ந்த 67 அடிச் சிலை. அழைக்கப்பட்ட சிற்பி நம் தமிழ்நாட்டு முத்தையா ஸ்தபதி. வெடியில் போன புத்தருக்கு ஈடாகத் தமிழ்ச் சிற்பியின் உளியில் ஒரு புத்தர் எழுந்தார். பத்தாண்டுக்கு மேல் ஆனது, ஆகட்டுமே.

பெரிதாகத்தான் வேண்டுமா?

பெரிய சிலைக்கு விலை வெடியால் மட்டும் வருவதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி பக்கம் கொரக்கோட்டையில் வெட்டிய 64 அடி மகாவிஷ்ணுவைப் பெங்களூர் ஈஜிபுராவுக்குக் கொண்டுபோன கூத்து நினைவிருக்கும். 240 சக்கர வண்டி 2018 டிசம்பரில் கிளம்பி, டயர் வெடித்து, வளைவுகளில் மாட்டி, வழியில் வீடு கடைகளின் முன்பக்கத்தை இடித்து, ஆறு மாதம் போல ஊர்ந்தது. ‘அப்படியானால் சிலையை மலையிலேயே செதுக்கிவிடலாமே, வெடி வைத்தால் சீக்கிரம் முடியுமே’ என்ற யோசனை இந்த அலைச்சலிலிருந்துதான் பலருக்கு வருகிறது.

சீக்கிரம் முடியும் என்பது உண்மையல்ல. ரஷ்மோருக்குப் பதினான்கு ஆண்டு. மருந்து இருக்கும் இடத்தில் ஆபத்தும் கூடவே தங்கும். 2021 ஜனவரியில் சிவமொக்கா ஹுணசோடுவில் குவாரி வெடிமருந்து ஏற்றிய லாரி வெடித்தது. அடுத்த மாதமே சிக்கபள்ளாபூரில் இன்னொரு வெடிவிபத்து. ஆறு பேர் பலி. நம் பக்கத்தில் 2024 மே 1ஆம் தேதி காரியாபட்டி குவாரியில் வெடிமருந்து வெடித்து மூன்று பேர் போனார்கள். செத்தவர்களில் மருந்தைத் தூக்கிய கூலிகளும் உண்டு.

பாலராமர் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்தக் கல் மைசூர் தாலுகாவில் ஒரு விவசாயியின் நிலத்தைச் சமன் செய்தபோது கிடைத்தது. கர்ப்பகிரகத்துக்குப் போகுமுன் அதைச் சோதித்தது தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம். அதே நிறுவனம்தான் அணை, சுரங்க வேலைகளில் வெடி அதிர்வை அளந்து ஆலோசனையும் சொல்கிறது. ஆக, கல்லையும் வெடியையும் அளக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். 51 அங்குலத்துக்கு அழைத்தவர்களை, 49 டி.எம்.சி. தண்ணீருக்கும் ஆயிரமாண்டுச் சிலைகளுக்கும் அழைக்க என்ன தயக்கம்?

மலைச் சிலைக்கு வெடி வைக்க மூன்று விஷயங்கள் வேண்டும்: குறையில்லாத பாறை, சுற்றிலும் சேதப்பட எதுவும் இல்லாத வெளி, ஒவ்வொரு வெடியையும் அளந்து ஊருக்குக் காட்டும் கருவி. அணையும் அரண்மனையும் நந்தியும் பாகுபலியும் நெருங்கி நிற்கும் மைசூர் வட்டாரத்தில் இரண்டாவது கிடையாது. மூன்றாவது இன்னும் வரவில்லை. எனவே இங்கே வேண்டாம் என்பதே எங்கள் முடிவு.

உங்கள் ஊர் மலையில் கோயிலோ சமணர் படுக்கையோ இருந்து, பக்கத்தில் குவாரியும் இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். குவாரிக்கு வெடி அனுமதி எந்த ஆண்டு வந்தது, அதிர்வு எத்தனை முறை அளக்கப்பட்டது, நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் பதிவானது என்று மூன்றே கேள்வி கேளுங்கள். கனிமவளத் துறைக்கு ஒரு மனு, தன்பாத்திலுள்ள சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்துக்கு ஒரு மனு. கட்டணம் தலா பத்து ரூபாய்.